வானொலிப் பெட்டி யார் கையில்?

இந்திய வானொலியின் வரலாற்றைப் பெரும்பாலோர் ஒலிபரப்பு நிலையங்களின் வரலாறாகவே எழுதி வந்துள்ளனர். கேட்பவன் கையில் என்ன இருந்தது என்ற கேள்வி அதில் அரிதாகவே எழுகிறது. அந்நாடு டிஜிட்டல் ஒலிபரப்புக்கு மாறப்புகுந்த கதையை விளங்கிக்கொள்ள வேண்டுமாயின், இக்கேள்வியிலிருந்தே நாம் புறப்பட வேண்டும்.

1927 ஆம் ஆண்டில் பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஒலிபரப்பைத் தொடங்கிய தனியார் கம்பனி மூன்றே ஆண்டுகளில் முறிந்து வீழ்ந்தது. பெட்டி வைத்திருப்போர் ஆண்டுதோறும் செலுத்திய பத்து ரூபா அனுமதிக் கட்டணமே அதன் முக்கிய வருவாய்களுள் ஒன்று. 1929 இன் இறுதியில் அந்தப் பரந்த நாடு முழுவதிலும் அனுமதி பெற்ற பெட்டிகள் 8,000 கூட இல்லை. 1930 இல் அரசு பொறுப்பேற்றது. 1936 இல் அகில இந்திய வானொலி என்ற பெயர் வந்தது. பெட்டி மட்டும் வசதி படைத்தோர் வீட்டிலேயே இருந்தது.

இந்நிலையை மாற்ற முனைந்த ஒரு முயற்சியை இங்கு விரித்துரைத்தல் தகும். 1956 இல் யுனெஸ்கோவின் துணையோடு பூனாவைச் சூழ்ந்த ஐந்து மாவட்டங்களில், ஏறத்தாழ 150 கிராமங்களில் வானொலி மன்றங்கள் அமைக்கப்பட்டன. உழவர்கள் ஊர்ப் பொதுப் பெட்டியின் முன் கூடினர், கேட்டனர், விவாதித்தனர், தம் ஐயங்களை நிலையத்துக்கு எழுதினர், அவற்றுக்குப் பின்னைய நிகழ்ச்சிகளில் விடை வந்தது. கேட்பவன் அங்கே பேசுபவனாகவும் ஆனான். அறுபதுகளில் ஆடுதுறை 27 என்னும் நெல்வகை வானொலியின் வாயிலாகவே தஞ்சையில் பரவியமையால், அதனை 'ரேடியோ நெல்' என்றே உழவர் அழைத்தனர். கேட்பவனுக்கு விருப்பு வெறுப்பும் உண்டு. 1952 இல் சினிமாப் பாடல்களை டில்லி ஒதுக்கியபோது இந்திய நேயர்கள் இலங்கை வானொலியின் பக்கம் முள்ளைத் திருப்பிய கதை நம்மவர் அறிந்ததே. மலிவான ட்ரான்சிஸ்டர் வந்தபின் வானொலி வயல் வரப்புக்கும் தேநீர்க் கடைக்கும் சென்றது.

2009 இல் டில்லியிலிருந்து சிற்றலையில் டி.ஆர்.எம். என்னும் டிஜிட்டல் முறை ஒலிபரப்பு முறையாகத் தொடங்கிற்று. பின்னர் 30 இற்கும் மேற்பட்ட மத்திய அலைக் கருவிகள் அம்முறைக்கு ஏற்றனவாக அமைக்கப்பட்டன. அதன் நன்மைகளை மறுப்பதற்கில்லை. இரைச்சலற்ற ஒலி, மின்சாரச் சிக்கனம், ஒரே அலைவரிசையில் ஒன்றுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகள், பேரிடர் வேளையில் எழுத்து வடிவிலும் எச்சரிக்கை: ஏழை நாடொன்று இவற்றை விரும்புவது இயல்பே.

ஆயினும் ஒலிபரப்புக் கருவிகள் மக்கள் பணத்தில் வாங்கப்பட்டன. ஏற்பிப் பெட்டியோ சந்தையிடம் விடப்பட்டது. வாங்குவோர் பெருகட்டும் என உற்பத்தியாளன் காத்திருந்தான். விலை இறங்கட்டும் என நேயன் காத்திருந்தான். தனிப் பெட்டிகள் அருமையாகவும் விலை மிக்கனவாகவும் இருக்க, புதிய ஏற்பிகள் பெரிதும் குடியேறிய இடம் புதிய மோட்டார்க் கார்கள்! வானலைகள் பொதுச்சொத்து என்று 1995 இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அச்சொத்தின் புதிய பங்கு முதலில் கார் உடையவனைச் சென்றடைந்ததைத் தற்செயல் என்று நான் கொள்ளவில்லை. மன்றத்துக்கு ஒரு பெட்டி வைத்த 1956 இன் சிந்தனை இத்திட்டத்தில் இடம்பெறவில்லை.

பழைய முறையும் புதியதும் அருகருகே ஒலிக்கும் வரையில் உழவனின் ட்ரான்சிஸ்டருக்கு இடர் இல்லை. ஒரு நிலையம் முழுமையாக டிஜிட்டலுக்கு மாறியதும், அதே அலைவரிசையில் அந்தப் பெட்டி தருவது வெறும் இரைச்சலே.