யங்கோன் குழாய்க்கிணறும் ஆசனிக்கும்

சித்த வைத்தியத்தில் வெள்ளைப் பாஷாணம், அரிதாரம், மனோசிலை என்று சொல்லும் மூன்று சரக்கிலும் இருப்பது ஆசனிக். தமிழ்நாட்டில் ஆர்சனிக் என்று எழுதுவார்கள். நஞ்சென்று ஊருக்கே தெரிந்த பொருள்தான். ஆனால் தண்ணீரில் கரைந்து வரும்போது நிறமும் இல்லை, மணமும் இல்லை, சுவையும் இல்லை.

யங்கோனில் மாநகர அபிவிருத்திக் குழு குழாய்வழியே கொடுக்கும் தண்ணீர் பெரும்பாலும் நீர்த்தேக்கங்களில் இருந்து வருவது. ஹ்லோகா 1904இல் வந்தது, ஜோபியூ 1940இல், பூஜி 1992இல். மழைநீரைத் தேக்கும் இடங்களில் பயப்பட வேண்டியது கிருமிக்கே, ஆசனிக்குக்கு அல்ல. ஆனால் அந்தக் குழாய் எல்லா வீட்டுக்கும் போகவில்லை. புறநகரில் வளவுக்குள் குழாய்க்கிணறு அடித்தவர்கள் ஏராளம். ஆற்றுக்கு அக்கரையில் டலாவில் கோடையில் குளங்கள் வற்றிவிடும், சனம் குடத்தோடு வரிசையில் நிற்கும். அதற்கும் அப்பால் ஐராவதி டெல்டா. ஒரு காலத்தில் செட்டியார்களின் கணக்குப் புத்தகங்களில் இருந்த நெல் வயல்கள் அங்கேதான். இன்றும் தமிழ்க் குடும்பங்கள் அந்தப் பக்கம் இருக்கின்றன.

டெல்டா மண் மலைகளில் இருந்து ஆறு கொண்டுவந்து போட்ட வண்டல். அதிலுள்ள இரும்புத் துகள்களில் ஆசனிக் ஒட்டியிருக்கும். புதைந்த தாவரக் கழிவு உக்கி, நிலத்தடியில் ஒட்சிசன் தீர்ந்துபோனால் இரும்பு கரையும், அதோடு ஆசனிக்கும் தண்ணீருக்குள் இறங்கும். ஆகவே தொழிற்சாலை ஒன்றும் இல்லாத பச்சை வயலுக்கு நடுவிலும் கிணறு நஞ்சாகலாம். அண்மைக்கால வண்டலில் இறக்கிய ஆழம் குறைந்த குழாய்களில்தான் ஆபத்து அதிகம். அடியில் உள்ள பழைய மண்படையில் பொதுவாகக் குறைவு. ஐராவதி டெல்டாவில் இது இருக்கக்கூடும் என்று 2008இல் ஒரு கணிப்பு வெளிவந்தது. கிணறுகளிலேயே தண்ணீர் எடுத்துப் பார்த்த ஆய்வு 2014இல் அதை உறுதிப்படுத்தியது.

பக்கத்து வங்காளதேசத்தின் கதை இதைவிடப் பெரியது. குளத்துத் தண்ணீரால் பிள்ளைகள் வயிற்றோட்டத்தில் சாகிறார்கள் என்று 1970களில் இருந்து யுனிசெப் உதவியோடு குழாய்க்கிணறுகள் அடித்தார்கள். கிருமி குறைந்தது. ஆசனிக்கை யாரும் அளக்கவில்லை. மேற்கு வங்கத்தில் தோல் வைத்தியர் கே. சி. சாகா 1983இலேயே நோயாளிகளை அடையாளம் கண்டிருந்தார். வங்காளதேசத்தில் கிணற்றில் கண்டுபிடித்தது 1993இல். பிறகு ஏறத்தாழ 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, ஆகாததற்குச் சிவப்பும் ஆனதற்குப் பச்சையும் பூசினார்கள்.

இனி எண்களுக்கு வருவோம், என் தொழில் அதுதானே. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம், அதாவது நூறு கோடிப் பங்கில் பத்துப் பங்கு. மியன்மாரின் தேசிய அளவு 50. வங்காளதேசத்திலும் 50தான். 40 உள்ள ஒரே தண்ணீர் ஒரு புத்தகத்தில் தேறும், மற்றதில் தவறும். ஆகவே யாராவது "சோதித்தாயிற்று, நல்ல தண்ணீர்" என்றால் எந்த அளவை வைத்து என்று கேளுங்கள். 50 என்பது பாதுகாப்புக்கான கோடு அல்ல, ஏழை நாடுகளின் வசதிக்கான கோடு என்பது என் அபிப்பிராயம்.

நோய் உடனே தெரியாது. ஐந்து வருடமோ அதற்கு மேலோ குடித்த பிறகு மார்பிலும் முதுகிலும் மழைத்துளி விழுந்ததுபோல் கரும்புள்ளிகள், உள்ளங்கையிலும் பாதத்திலும் தடித்த முடிச்சுகள் வரும். குஷ்டம் என்று நினைத்து இப்படிப்பட்டவர்களை ஒதுக்கிய கிராமங்கள் உண்டு. இது தொற்றாது. தோல், நுரையீரல், சிறுநீர்ப்பை ஆகியவற்றில் புற்றுநோய், இருதய நோய், நீரிழிவு ஆகியவற்றோடும் தொடர்பு உண்டு. வயிற்றில் இருக்கும் குழந்தையையும் பாதிக்கும். சிலி நாட்டின் அன்ரோபகஸ்ரா நகரம் 1958 முதல் 1970 வரை 800க்கு மேற்பட்ட அளவுள்ள ஆற்றுநீரைக் குடித்தது. 1970இல் சுத்திகரிப்பு நிலையம் வந்தும், பல பத்தாண்டுகள் கழித்தும் புற்றுநோய் மரணங்கள் அங்கே கூடுதலாகவே இருந்தன. நிரூபிக்கப்பட்ட மருந்து இல்லை. அந்தத் தண்ணீரை நிறுத்துவதுதான் முதல் வைத்தியம்.

கொதிக்க வைப்பதால் ஆசனிக் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடும். குளோரினும் எடுக்காது. குளிக்க, உடுப்புத் தோய்க்க அந்தத் தண்ணீர் பெரிய ஆபத்தில்லை. குடிக்கவும் சமைக்கவும்தான் கூடாது. பக்கத்து வீட்டுக் கிணறு சரியென்றால் உங்களுடையதும் சரியென்று எண்ண வேண்டாம், சில மீற்றர் தூரத்திலேயே அளவு மாறும். யங்கோனில் வாங்கும் 20 லீற்றர் போத்தலைச் சமையலுக்கும் பாவிக்க வேண்டும். பலர் குடிக்க மட்டும் அதை வைத்துக்கொண்டு சோற்றைக் கிணற்றுத் தண்ணீரில் வடிக்கிறார்கள். மழைநீர் சேமித்தால் நல்லது, மூடி வைக்க வேண்டும்.

எங்கள் யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக் கிணறுகளின் குறை வேறு: பசளையால் வரும் நைத்திரேற்று, சுன்னாகத்தில் எண்ணெய். இரண்டையும் ஆசனிக்கோடு குழப்ப வேண்டாம்.

புலம்பெயர்ந்த வீடுகளுக்கு இது அரிசி வழியாக வருகிறது. நெல் மற்றத் தானியங்களைவிட ஆசனிக்கை அதிகம் உறிஞ்சும். அரிசியை நன்றாகக் கழுவி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் ஒரு பகுதி குறையும். எங்கள் அம்மாமார் செய்தது அதுதான், ரைஸ் குக்கரில் அது நடப்பதில்லை. குழந்தைகளுக்கான உணவு தயாரிக்கப் பயன்படும் அரிசிக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2016 முதல் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் என்று உச்ச அளவு வைத்திருக்கிறது. பசும்பாலுக்குப் பதிலாக அரிசிப் பால் கொடுக்க வேண்டாம் என்று பிரித்தானிய உணவுத் தர முகவரகம் சொல்வது ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு.