அகாடமி: இடமும் உடம்பும்

செம்பரம்பாக்கத்திலிருந்து பூந்தமல்லி வழியாக நகரத்துக்குள் வந்தால், பெயர்ப் பலகைகளில் ‘அகாடமி’ அடிக்கடி கண்ணில் படும். நீட் பயிற்சி, கிரிக்கெட், கராத்தே என எதைக் கற்றுத்தரும் இடமும் இன்று அகாடமிதான். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாரிஸில் ஓர் ஓவிய மாணவர் ‘ஓர் அகாடமி முடித்தேன்’ என்றால் பொருள் வேறு: ஆடையின்றி நின்ற மனிதரை நேரில் பார்த்து முழு உருவமாக வரைந்துவிட்டார் என்பது.

ஏதென்ஸில் அகாதெமோஸ் என்ற வீரனின் பெயரைத் தாங்கிய தோப்பில் பிளேட்டோ கற்பித்தார். தோப்பின் பெயர் பள்ளிக்கு வந்தது. 1563இல் ஃபுளோரன்ஸ் கலைஞர்களும் 1648இல் பாரிஸ் ஓவியர்களும் தங்கள் அமைப்புகளுக்கு அதைச் சூட்டினார்கள். ஆளை நிறுத்தி வரையும் வகுப்பைப் பாரிஸ் அகாடமி தன் தனியுரிமையாகவே வைத்திருந்தது. அந்த வகுப்பில் பிறந்த படத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. நம் இலக்கணத்தில் இது இடவாகுபெயர்.

அந்தப் படத்தை எளிதில் எட்டிவிட முடியாது. முதலில் அச்சுப் படங்களைப் பார்த்து வரைய வேண்டும். பிறகு பிளாஸ்டர் சிலைகள். கடைசியில்தான் உயிருள்ள மனிதர். உயர்த்திய கை தளராதிருக்க மாடல் கோலை ஊன்றுவார், அல்லது மேலிருந்து தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொள்வார். பழைய அகாடமிப் படங்களில் தெரியும் கோலும் கயிறும் கதைக்காக வந்தவை அல்ல, நின்றவரின் களைப்புக்குச் சாட்சி. பெண்களுக்கோ பாரிஸ் அரசுக் கலைப்பள்ளியின் கதவே 1897இல்தான் திறந்தது.

சென்னையில் 1850இல் மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய கலைப்பள்ளி, பின்னாளில் இதே பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நிலைபெற்றது. கைத்தொழில் வடிவமைப்பே அதன் தொடக்ககால நோக்கம். 1929இல் அதன் தலைமைப் பொறுப்பேற்ற தேவிபிரசாத் ராய் சௌத்ரி மனித உடலின் தசையையும் எலும்பையும் அறிந்து வடித்த சிற்பி. மெரினாவில் 1959இல் எழுந்த உழைப்பாளர் சிலை அவருடையது. அதற்குக் கலைப்பள்ளிக் காவலாளி ஒருவரும் மாணவர் ஒருவரும் மாடலாக நின்றதாகச் சொல்வார்கள்.

ஆளைப் பார்த்து வரைவதை நம் மாணவர்கள் ‘லைஃப் ஸ்டடி’ என்கிறார்கள். அகாடமி என்ற சொல் அமைப்பின் பெயராக மட்டுமே தமிழுக்கு வந்தது: 1928இல் மியூசிக் அகாடமி, 1954இல் டெல்லியில் லலித் கலா அகாடமி. பின்னதன் முதல் தலைவரும் ராய் சௌத்ரிதான். சொல்லின் இரு பொருளுக்கும் உரியவராக இங்கே அவரைத்தான் நான் காண்கிறேன்.