உப்புத்தாளும் முற்றமும்: கைக்குழந்தையின் புத்தகத்துக்கு ஒரு முன்வரலாறு

கைக்குழந்தைக்கு எந்தப் புத்தகம் வாங்குவது என்னும் கேள்வியைக் கல்வி வரலாற்றாளர்கள் பெரும்பாலும் பெற்றோரிடமே விட்டுவிடுகிறோம். ஆனால் தொட்டும் திறந்தும் துழாவியும் பார்க்கும் அட்டைப் புத்தகங்களுக்கு ஒரு நெடிய பின்னணி உண்டு. அதில் இந்தியாவைப் பற்றிய சங்கடமான கேள்வி ஒன்றும் அடங்கியுள்ளது.

மடிப்பைத் திறந்தால் படம் மாறும் நூல்களை இலண்டன் பதிப்பாளர் ராபர்ட் சேயர் 1760களில் வெளியிட்டார். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மியூனிக் நகரின் லோத்தர் மெகண்டார்ஃபர், தாள்நாக்கை இழுத்தால் உருவங்கள் அசையும் நூல்களைப் படைத்தார். இவை நயமானவை, எளிதில் கிழிபவையும்கூட. எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் பருவத்தினரின் கைகளுக்கு இவை தாங்கா.

1940இல் அமெரிக்காவில் டோரதி குன்ஹார்ட்டின் 'பேட் த பன்னி' வெளிவந்தது. அதில் முயலின் மென்மயிரைத் தடவலாம்; தந்தையின் சவரம் செய்யாத கன்னமாக ஒட்டப்பட்ட உப்புத்தாளைத் தொடலாம். அதே உப்புத்தாளை எழுத்துவடிவில் வெட்டிப் பலகையில் ஒட்டி, விரலால் தடவிக் கற்கச் செய்தவர் மரியா மாண்டிசோரி. அவர் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். அதற்கு முன்பே, 1920இல், கிஜுபாய் பதேகா பாவநகரில் மாண்டிசோரி முறையைத் தழுவிய பாலமந்திரைத் தொடங்கியிருந்தார். ஆக, குழந்தை கையால் அறிகிறது என்னும் கருத்து நமக்குப் புதிதன்று.

அம்முறையின் கருவிகளோ விலை உயர்ந்தவை. கிஜுபாயுடன் பணியாற்றிய தாராபாய் மோடக் இதற்கு விடை தேடினார். 1945இல் பம்பாய் மாகாணத்துக் கடலோரச் சிற்றூரான போர்டியில் மழலையர் கல்விப் பணியைத் தொடங்கி, அங்கேயே கிடைக்கும் எளிய பொருள்களைக் கருவிகளாக்கினார். பள்ளிக்கு வர இயலாத குழந்தைகளின் முற்றத்துக்கே பள்ளி சென்றது. மராத்தியில் 'அங்கண்' என்றால் முற்றம். அங்கன்வாடி என்னும் பெயரின் வேர் அதுவே.

1975 அக்டோபர் 2இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் அப்பெயரை நாடெங்கும் கொண்டு சென்றது. அதில் மூன்று வயதுக்கு உட்பட்டோருக்கு ஊட்டச்சத்தும் தடுப்பூசியும் உடல்நலப் பரிசோதனையும் கிடைத்தன. முன்பருவக் கல்வி 3 முதல் 6 வயது வரையினருக்கே உரியதாயிற்று. 2020ஆம் ஆண்டுத் தேசியக் கல்விக் கொள்கையின் அடித்தள நிலையும் மூன்று வயதில்தான் தொடங்குகிறது. 2023இல் வெளியான 'ஜாதூயி பிட்டாரா' கற்றல் தொகுப்பும் 3 முதல் 8 வயதினருக்கானது. அதற்கு முந்தைய பருவத்தில் குழந்தையின் கையில் புத்தகம் இருக்குமா என்பதை வீட்டின் வருமானமே முடிவு செய்கிறது.

இனி, தேர்வு. எரிக் கார்லின் பசித்த புழுக் கதையில் (1969) தாளிலுள்ள துளை, புழு தின்ற வழி. எரிக் ஹில்லின் 'வேர்ஸ் ஸ்பாட்?' நூலில் (1980) மடிப்பைத் திறப்பதே நாய்க்குட்டியைத் தேடுவது. இரண்டிலும் கையின் செயலும் கதையின் செயலும் ஒன்றே. அழுத்தினால் ஒலிக்கும் பொத்தான்கள் நிறைந்த நூலில், படித்துக் காட்டும் பாட்டியின் குரலுக்கு இடம் சுருங்கிவிடுகிறது. ஆகவே முதலில் கேட்க வேண்டியது: இந்த மடிப்பு கதைக்குத் தேவையா? அடுத்து, முனைகள் மழுங்கியுள்ளனவா, ஒட்டிய துண்டுகள் பிய்ந்து தொண்டையில் சிக்குமா, சொற்கள் குழந்தை வீட்டில் கேட்கும் மொழியில் உள்ளனவா?

மோடக்கின் கேள்வி இறுதியாக நிற்கிறது: இது முற்றத்தில் கிடைக்குமா? பழைய அட்டை, துணித்துண்டு, ஓர் உப்புத்தாள் இவற்றைக் கொண்டு இத்தகைய புத்தகத்தின் எளிய வடிவத்தை அங்கன்வாடியிலேயே செய்துவிடலாம். கையால் அறிதலை இவ்வளவு முன்னரே ஏற்றுக்கொண்ட நாட்டில், மூன்று வயதுக்கு முந்தைய புத்தகம் ஏன் பொதுச்சொத்தாகவில்லை? ஆய்வுத் தலைப்பு தேடும் மாணவர்கள் இக்கேள்வியைக் கையில் எடுக்க வேண்டுகிறேன்.