மாஹேயில் பொறந்தவரும் வெள்ளை ஏர்பெண்டரும்

எம். நைட் ஷியாமளன் பேச்சு வந்தா நாங்க பாண்டிக்காரங்க "நம்ம ஊர் ஆளுப்பா"ன்னு அளப்போம். பொறந்தது 1970-ல், மாஹேயில். கேரளாவுக்கு நடுவுல இருந்தாலும் அது புதுச்சேரிதானே :-)

இந்தியர் வெள்ளையர் இல்லை, குடியுரிமை கிடையாதுன்னு 1923-ல் பகத் சிங் திண்ட் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 1965 சட்டத்துக்கு அப்புறம்தான் நம்மாளுங்க டாக்டர், என்ஜினியர்னு கூட்டமா போனாங்க. டாக்டர் தம்பதியின் மகனான இவர் பிலடெல்பியா பக்கம் வளர்ந்தார்.

முதல் படம் 'பிரேயிங் வித் ஆங்கர்' (1992). சென்னைக்கு வரும் அமெரிக்க இந்திய மாணவன் கதை, ஹீரோ அவரே. பேய்ப்படமான 'சிக்ஸ்த் சென்ஸ்'ல (1999) அவருக்குச் சின்ன டாக்டர் வேஷம்தான்.

2010-ல் 'தி லாஸ்ட் ஏர்பெண்டர்'. மூல கார்ட்டூன் ஆசிய, இன்யூட் கலாசாரங்களை வச்சுக் கட்டின உலகம். படத்துலயோ முக்கியமான மூணு பிள்ளைகளும் வெள்ளையர். துரத்துற நெருப்பு தேசத்து இளவரசன் தேவ் படேல். ரசிகர்கள் கொதிச்சாங்க. பல இனத்தவரும் படத்துல இருக்காங்கன்னு இவர் வாதாடினார். இருக்காங்க சார், எந்தப் பக்கம்?

பாண்டியில் தொடங்கும் 'லைஃப் ஆஃப் பை'யும் முதலில் இவர் கைக்கு வந்து நழுவினதுதான். 2012-ல் ஆங் லீ, புதுமுகம் சூரஜ் சர்மாவை வச்சு எடுத்தார். உலகமே பார்த்துச்சு.

நம்ம ஊர் ஆளுன்னு சொல்லிக்க எனக்கு இன்னும் ஆசைதான். கோபமும் அதனாலதான்.