60 அடிக்கு எத்தனை நிமிஷம்?

ஸ்கூபா தேர்வுல இப்படி ஒரு கேள்வின்னு வச்சுக்கோங்க: "60 அடி ஆழத்தில் அதிகபட்சம் எத்தனை நிமிடம் இருந்தால், இடையில் நிற்காமல் மேலே வரலாம்?"

1950களின் அமெரிக்கக் கடற்படை அட்டவணையில் விடை 60. பொழுதுபோக்கு டைவர்களுக்காக 1988-இல் 'பாடி' அமைப்பு கொண்டுவந்த அட்டவணையில் 55. எந்த அட்டவணைன்னு சொல்லாத கேள்விக்கு ரெண்டுமே சரிதான்!

ரெண்டுக்கும் வேர் ஒண்ணு. 1908-இல் ஜான் ஸ்காட் ஹால்டேன், வெள்ளாடுகளை அழுத்த அறையில் சோதித்து, உடம்பில் கரையும் நைட்ரஜனைக் கணக்காக்கினார். கடற்படை அதைத் தன் வீரர்களுக்காகத் திருத்தியது. 1988-இல் ரத்தக் குமிழிகளை டாப்ளர் கருவியில் கேட்டு, வரம்பை இன்னும் இறுக்கினாங்க.

அதனால நான் சொல்றது இதுதான்: விடையை மட்டும் மனப்பாடம் பண்ணாதீங்க, "எந்த அட்டவணை?"ன்னு கேளுங்க. மார்க் போனா மறுபடி எழுதிக்கலாம். முதுகுத்தண்டுல குமிழி சிக்கினா, நடக்க முடியாமலே போகலாம்.