துருக்கியும் ஐரோப்பிய ஒன்றியமும்: உறுப்புரிமைப் பேச்சு அகதிகள் பேரமாக மாறியது எப்படி?

துருக்கிக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் இடையில் முறுகல் தோன்றும் போதெல்லாம் நம்மவர்கள் மத்தியில் ஒரே விளக்கம்தான் முன்வைக்கப்படுகிறது. துருக்கி முஸ்லிம் நாடு, அதனால்தான் ஐரோப்பா அதனைச் சேர்த்துக்கொள்வதில்லை என்பதே அது. இதில் உண்மை இல்லாமலில்லை. துருக்கி இணைந்தால் அதுவே ஐரோப்பிய ஒன்றியத்தின் முடிவாக அமையும் என்று பிரான்ஸின் முன்னாள் ஜனாதிபதி கிஸ்கார் டெஸ்டாங் 2002 இல் பகிரங்கமாகவே கூறினார். எனினும், முஸ்லிம்களே மிகப் பெரிய சமயக் குழுவினராக வாழும் அல்பேனியாவுடன் 2022 இல் அதே ஒன்றியம் இணைவுப் பேச்சுவார்த்தையை ஆரம்பித்தது. எனவே, சமயம் என்ற ஒரு காரணத்தை மட்டும் வைத்து இந்த விவகாரத்தை விளங்கிக்கொள்ள முடியாது.

கதவு திறந்திருந்த காலம்

துருக்கி 1952 முதல் நேட்டோ உறுப்பு நாடு. 1963 இல் அங்காரா உடன்படிக்கை மூலம் ஐரோப்பிய பொருளாதார சமூகத்தின் இணை நாடானது. 1987 இல் முழு உறுப்புரிமைக்கு விண்ணப்பித்தது. 1999 டிசம்பரில் ஹெல்சிங்கி உச்சிமாநாட்டில் அதற்கு வேட்பாளர் அந்தஸ்து கிடைத்தது.

அதன் பின்னரான ஐந்தாண்டுகள் கவனிக்கத்தக்கவை. துருக்கி 2004 அளவில் மரண தண்டனையை முற்றாக ஒழித்தது. குர்திஷ் மொழி ஒலிபரப்புக்கு இடமளித்தது. தேசிய பாதுகாப்புச் சபையில் இராணுவத்தின் பிடியைத் தளர்த்தியது. இராணுவப் புரட்சிகளுக்குப் பழகிப்போன ஒரு நாட்டில் இவை சாதாரண மாற்றங்களல்ல. உறுப்புரிமை கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்ததாலேயே ஐரோப்பாவின் நிபந்தனைகளுக்கு அங்காராவில் மதிப்பிருந்தது. 2005 ஒக்டோபர் 3 ஆம் திகதி இணைவுப் பேச்சுவார்த்தை ஆரம்பமானது.

சைப்பிரஸ் முடிச்சு

ஆனால் அதற்கு முன்னரே ஒரு சிக்கல் உருவாகியிருந்தது. பிளவுபட்ட சைப்பிரஸை இணைக்கும் ஐ.நா. திட்டம் 2004 ஏப்ரலில் சர்வஜன வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. துருக்கிய சைப்பிரஸ் மக்களில் சுமார் 65 வீதமானோர் அதனை ஏற்றனர். கிரேக்க சைப்பிரஸ் மக்களில் சுமார் 76 வீதமானோர் நிராகரித்தனர். அப்படியிருந்தும் ஒரு வாரத்தில், மே 1 ஆம் திகதி, கிரேக்க சைப்பிரஸ் தரப்பின் அரசாங்கத்துடனேயே சைப்பிரஸ் ஒன்றியத்தில் இணைந்தது. தீர்வை ஏற்றவர்கள் வெளியே நின்றார்கள். நிராகரித்தவர்கள் உள்ளே சென்றார்கள்.

ஒன்றியத்தில் இணைவு தொடர்பான தீர்மானங்களுக்கு எல்லா உறுப்பு நாடுகளின் சம்மதமும் தேவை. ஆகவே துருக்கியின் எதிர்த்தரப்புக்கு அன்று முதல் தடுப்பதிகாரம் கிடைத்தது. சைப்பிரஸ் கப்பல்களுக்குத் துருக்கி தனது துறைமுகங்களைத் திறக்காததால் 2006 டிசம்பரில் எட்டு அத்தியாயங்கள் முடக்கப்பட்டன. பின்னர் பிரான்ஸ் ஜனாதிபதி சார்க்கோசியும் சைப்பிரஸும் மேலும் பலவற்றைத் தடுத்தனர். மொத்தம் 35 அத்தியாயங்களில் 16 மட்டுமே திறக்கப்பட்டன. தற்காலிகமாகவேனும் முடிக்கப்பட்டது ஒன்றே ஒன்று.

துருக்கியின் பங்கையும் மறைக்க முடியாது. 2016 ஜூலை 15 இராணுவப் புரட்சி முயற்சியின் பின்னர் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான அரச ஊழியர்கள் பதவி நீக்கப்பட்டனர். ஊடகவியலாளர்கள் பலர் சிறை சென்றனர். பேச்சுவார்த்தை ஸ்தம்பித்துவிட்டதாக 2018 ஜூனில் ஒன்றியம் அறிவித்தது.

பணமும் எல்லையும்

இதற்கிடையில் உறவின் தன்மையே மாறியிருந்தது. 2015 இல் எட்டரை இலட்சத்துக்கும் அதிகமானோர் கடல் வழியாகக் கிரேக்கத்தை அடைந்தனர். 2016 மார்ச் 18 ஆம் திகதி இரு தரப்பும் ஓர் இணக்கத்துக்கு வந்தன. கிரேக்கத் தீவுகளுக்குச் சட்டவிரோதமாக வருவோரைத் துருக்கி திரும்பப் பெறும். திருப்பி அனுப்பப்படும் ஒவ்வொரு சிரியருக்கும் பதிலாக, துருக்கியிலுள்ள ஒரு சிரியரை ஐரோப்பா குடியேற்றும். சிரிய அகதிகளின் தேவைகளுக்காக 6 பில்லியன் யூரோ வரை வழங்கப்படும். துருக்கியருக்கு வீசா தளர்த்தப்படும். இணைவுப் பேச்சும் புத்துயிர் பெறும்.

வருகை பெருமளவு குறைந்தது. ஆனால் வீசா தளர்வு வரவில்லை. இணைவுப் பேச்சும் நகரவில்லை. லெஸ்போஸ் தீவின் மோரியா முகாம் சுமார் மூவாயிரம் பேருக்கென அமைக்கப்பட்டது. 2020 ஆரம்பத்தில் அங்கு இருபதாயிரம் பேரளவில் அடைபட்டிருந்தனர். அவ்வாண்டு செப்டெம்பரில் அது எரிந்து சாம்பலானது.

உறுப்புரிமை என்ற துரும்பை இழந்த ஐரோப்பாவிடம் எஞ்சியது பணம் மட்டுமே. எல்லையைத் திறக்கும் துரும்பு அங்காராவின் கைக்கு மாறியது. 2020 பெப்ரவரி இறுதியில் இத்லிப் தாக்குதலில் 30 க்கும் மேற்பட்ட துருக்கிய இராணுவத்தினர் கொல்லப்பட்டதும், ஐரோப்பா செல்வோரை இனித் தடுக்கப்போவதில்லை என ஜனாதிபதி அர்தூகானின் அரசாங்கம் அறிவித்தது. ஆயிரக்கணக்கானோர் கிரேக்க எல்லையில் குவிந்தனர். கிரேக்கம் கண்ணீர்ப்புகை பிரயோகித்தது. புகலிட விண்ணப்பங்களை ஒரு மாதத்துக்கு இடைநிறுத்தியது. ஒரு தரப்பு அகதிகளை அழுத்தம் கொடுக்கும் கருவியாக்கியது, மறுதரப்பு அவர்களைத் தாக்குதலாகப் பார்த்தது.

இதிலிருந்து ஐரோப்பா பெற்ற பாடம் என்ன? 2023 இல் தூனிசியாவுடன் உடன்பாடு, 2024 இல் எகிப்துக்கு 7.4 பில்லியன் யூரோ தொகுதி. இவற்றில் உறுப்புரிமை என்ற பேச்சே இல்லை. பணம் கொடுத்து எல்லையைக் காக்கச் சொல்லும் பகுதி மட்டும் துருக்கி உடன்பாட்டிலிருந்து எடுக்கப்பட்டுள்ளது.

அயல்நாட்டின் ஆட்சி முறையில் செல்வாக்குச் செலுத்த வேண்டுமானால், அந்நாடு உண்மையாகவே எதிர்பார்க்கக்கூடிய ஒன்றைக் கொடுக்க வேண்டும். 1999 முதல் 2005 வரை ஐரோப்பா அதைச் செய்தது, பலனும் கண்டது. எல்லைக் காவலுக்கு மட்டும் பணம் கொடுப்பவர், காவலரின் சிறைகளைப் பற்றிக் கேள்வி கேட்கும் தகுதியைப் படிப்படியாக இழக்கிறார். அந்த விலையைச் செலுத்துவது பிரசெல்ஸோ அங்காராவோ அல்ல. துருக்கியின் சிறைகளில் உள்ள ஊடகவியலாளர்களும், ஏஜியன் கடலோர முகாம்களில் காத்திருக்கும் குடும்பங்களுமே அதைச் செலுத்துகின்றனர்.