வழுக்கல் மட்டுறு டிஃபரன்சியல்

வழுக்கல் மட்டுறு டிஃபரன்சியல் என்பது, தானுந்தின் ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் பல்லிணை அமைப்பு ஆகும். சாதாரண டிஃபரன்சியல், வளைவில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடமளிக்கிறது. ஆனால் இரண்டுக்கும் ஏறக்குறையச் சமமான முறுக்குவிசையையே அளிக்கிறது. எனவே ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால், பிடிமானமுள்ள மறு சக்கரத்துக்கும் போதிய விசை கிடைப்பதில்லை.

வகைகள்

* தட்டு வகை: உராய்வுத் தட்டுகளால் இயங்குவது. தட்டுகள் நாளடைவில் தேயும்.
* பாகுநிலை வகை: சிலிக்கோன் பாய்மத்தால் இயங்குவது. சற்றுத் தாமதமாகச் செயற்படும்.
* டோர்சென் வகை: பற்சக்கரங்களால் இயங்குவது. தேய்மானம் குறைவு, ஒரு சக்கரம் தரையை விட்டு முற்றாக எழும்பினால் பெரிதும் பயன்படாது.

பின்னர் பொருத்துதல்

இக்கருவி மொத்தப் பிடிமானத்தைக் கூட்டுவதில்லை. இருப்பதை இரு சக்கரங்களும் பயன்படுத்த உதவுகிறது. பந்தயத் தடத்திலும் கரடுமுரடான பாதையிலும் இதன் பயன் மிகுதி. தேய்ந்த டயர்களுக்கு இது மாற்றாகாது. ஈரச் சாலையில் பின்சக்கரங்கள் இரண்டும் ஒருசேர வழுக்கினால், வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் விலகக்கூடும்.

செலவு இக்கருவியோடு முடிவதில்லை. எடுத்துக்காட்டாக, 1989இல் அறிமுகமான மாஸ்டா எம்எக்சு-5 தானுந்தின் தொடக்கக்கால 1.6 லிட்டர் வண்டியில், பிந்தைய 1.8 லிட்டர் வண்டியின் டோர்செனைப் பொருத்த, அதன் உறையையும் அச்சுத்தண்டுகளையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.